மேத்ஸ் லிட் எடுத்தால் நெட்வொர்க் துறைக்குப் போகலாமா?

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

மகளுக்கு ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் 52 சதவீதம். பத்தாம் வகுப்புக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் படிவம் வீட்டுக்கு வந்துவிட்டது. மேத்ஸுக்குப் பதிலாக, அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லித்தரும் மேத்ஸ் லிட்டரசி எடுத்தால் 80 வாங்குவாள், மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) சான்றிதழ் பார்க்க நன்றாக இருக்கும் என்கிறார் அவள் அப்பா. அவளோ நெட்டை வேகமாக்கும் வேலைக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "கேபிள் இழுக்கிற வேலைக்கு எதற்குக் கணக்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேபிள் இழுக்க அவ்வளவு கணக்கு வேண்டாம்தான். ஃபைபர் இணைப்பது, ரவுட்டர் பொருத்துவது, ஒரு அலுவலகத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது எல்லாம் மேத்ஸ் லிட்டோடு முடித்தவர்களும் சான்றிதழ் படிப்புகள் வழியாகச் செய்கிறார்கள். சோறு போடும் வேலை, குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் மகள் கேட்பது அதுவல்லவே.

1986-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் நடந்ததைச் சொல்கிறேன். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே சுமார் 400 கஜம்தான் தூரம். நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு ஒரு நாள் 40 பிட்டுக்கு விழுந்துவிட்டது. எந்தக் கம்பியும் அறுபடவில்லை. தரவு சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் (பாக்கெட்) போகும்; நெரிசலில் தொலைந்த பொட்டலங்களைக் கணினிகள் மறுபடி மறுபடி அனுப்பி, அதனாலேயே நெரிசலைக் கூட்டின. வான் ஜேக்கப்சனும் மைக் கேரல்ஸும் புதுக் கம்பி போடவில்லை. அனுப்பும் விதியை மாற்றினார்கள். மெதுவாகத் தொடங்கு, பதில் வர வர வேகத்தைக் கூட்டு, பொட்டலம் தொலைந்தால் சட்டென்று குறை. 1988-இல் வெளியான அந்த யோசனையின் வழிவந்த விதிகள்தான் இன்றைக்கு உங்கள் போனிலும் ஓடுகின்றன. எவ்வளவு கூட்டுவது, எவ்வளவு குறைப்பது என்பதெல்லாம் கணக்குதான்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். மகளைக் கணினியில் பிங் (ஒரு பொட்டலம் போய்ப் பதில் வர எவ்வளவு நேரம் என்று காட்டும் கட்டளை) ஓடவிடச் சொல்லுங்கள், மில்லிநொடியில் எண்கள் வரும். அதே நேரம் நீங்கள் அதே வைஃபையில் இருக்கும் போனிலிருந்து பெரிய வீடியோ ஒன்றைப் பதிவேற்றுங்கள். பல வீடுகளில் அந்த எண் பல மடங்கு எகிறும், லைன் அதேதான் என்றாலும். ரவுட்டருக்குள் காத்திருக்கும் பொட்டலங்களின் வரிசை நீண்டுவிட்டது. இந்த வரிசையை அடக்க 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸும் அதே ஜேக்கப்சனும் ஒரு முறை சொன்னார்கள். ஏன் எகிறியது என்று மகள் கேட்டால் நல்ல அறிகுறி. "சரி, அப்புறம் பார்க்கலாம்" என்று எழுந்து போனால் அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம்தான் கண்டுபிடித்தாகிவிட்டதே என்கிறாராம் அப்பா. ராபர்ட் கேலகர் 1960-இல் தன் ஆய்வேட்டில் எழுதிய பிழைதிருத்தக் குறிமுறை, அன்றைய கருவிகளால் தாங்க முடியாமல் முப்பது வருடம் போல மறந்துகிடந்தது. இன்று 5ஜி-யில் தரவுப் பிழைகளைத் திருத்துவது அதுதான். வைஃபையின் வேகத்துக்கு உதவிய ஒரு முக்கியமான உத்தி ஆஸ்திரேலியாவின் ரேடியோ வானியலாளர்களிடமிருந்து வந்தது. அதே ரேடியோ வானியலுக்காக நம் நாட்டின் கரூ வறள்நிலத்தில் மீர்கேட் தொலைநோக்கியின் 64 டிஷ்கள் நிற்கின்றன. மீர்கேட்டை நடத்தும் நிறுவனம் இளநிலை மாணவர்களுக்கும் உதவித்தொகை தருகிறது. ஒரு கண் வைத்திருங்கள்.

சரி, படிவத்துக்கு வருவோம். என் கருத்து: மேத்ஸ் எடுக்கட்டும். மேத்ஸில் தடுமாறினால் பிறகு லிட்டுக்கு இறங்கிக்கொள்ளலாம், பள்ளிகள் விடுகின்றன. லிட்டிலிருந்து மேத்ஸுக்கு ஏறுவது நடைமுறையில் அநேகமாக நடக்காத காரியம். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் எலெக்ட்ரானிக் பொறியியலுக்கோ கம்ப்யூட்டர் பொறியியலுக்கோ விண்ணப்பிக்கும்போது லிட்டில் வாங்கிய 80 எதற்கும் உதவாது. பணம் பற்றிய பயத்துக்கு ஒரு வரி: குடும்ப வருமானம் ஆண்டுக்கு 350,000 ராண்டுக்குள் இருந்தால் என்எஸ்எஃப்ஏஎஸ் என்ற அரசின் மாணவர் நிதியுதவி இருக்கிறது.

52-ஐப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், ஆனால் அது எங்கே குறைந்தது என்று பார்த்தாக வேண்டும். கடைசித் தேர்வுத் தாளை எடுத்துக்கொண்டு கணக்கு ஆசிரியரிடம் போங்கள். வடிவியலில் மதிப்பெண் போயிருந்தால் சமாளிக்கலாம். இயற்கணிதத்தில் போயிருந்தால் டிசம்பர் விடுமுறையிலேயே உட்கார வேண்டும், ஜனவரியில் வகுப்பு அவளுக்காகக் காத்திருக்காது. அப்படியே ஃபிசிக்கல் சயின்ஸ் கட்டத்திலும் டிக் போட்டிருக்கிறாளா என்று பாருங்கள். மேத்ஸ் மட்டும் இருந்து அது இல்லாவிட்டால் பொறியியலுக்கு எடுக்க மாட்டார்கள்.