சியர் அணிக்குப் பணம் திரட்டுகிறீர்களா? டிக்கெட்டையும் பாட்டையும் முதலில் பிரியுங்கள்

கேள்வி: காட்பாடி பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். 18 மாணவிகளை வைத்து ஒரு சியர்லீடிங் (நடனமும் உடல் வித்தைகளும் கலந்த குழு விளையாட்டு) அணி நடத்துகிறேன். ஜனவரியில் சென்னையில் ஒரு போட்டி. பஸ்ஸை நிர்வாகம் பார்த்துக்கொள்ளும். சீருடை, ஷூ, நுழைவுக் கட்டணம், தங்குவது எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் ஆகும். ஒரு மண்டபத்தில் 200 ரூபாய் டிக்கெட் போட்டு நடன நிகழ்ச்சி நடத்தலாம், அந்த டிக்கெட்டிலேயே மிக்ஸி குலுக்கலும் வைக்கலாம் என்கிறார்கள் பெற்றோர். போட்டிக்கு ஆறு சினிமாப் பாட்டை வெட்டி ஒட்டித் தருவதாக சவுண்ட் சர்வீஸ் தம்பி ஒருவர் சொல்கிறார். ஒவ்வொரு பாட்டும் 30 விநாடிக்குள் இருந்தால் காப்புரிமைப் பிரச்சினை வராதாம். யூடியூபிலும் போட ஆசை. ஒரு மாணவியின் பெரியப்பா நியூஜெர்சியிலிருந்து பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார். இதில் எது சரி, எது வம்பு?

பதில்: டீச்சர், குலுக்கலை இன்றே கைவிட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் லாட்டரிக்குத் தடை வந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்கு வெகு முன்பே, 1979-இல், பரிசுத் திட்டங்களைத் தடை செய்யவே தனியாக ஒரு சட்டம் இங்கே வந்துவிட்டது. சீட்டு விற்று, வாங்கியவர்களில் அதிர்ஷ்டசாலிக்குப் பரிசு என்றால் சிக்கல்தான். பரிசு மிக்ஸியா வெள்ளிக் காசா, பணம் யாருக்குப் போகிறது என்பதெல்லாம் அப்புறம். பள்ளிப் பெயர் போட்டு அச்சடித்த சீட்டே உங்களுக்கு எதிரான சாட்சியாக நிற்கும். பணம் கட்டி ஆடும் தம்போலாவையும் தவிர்த்துவிடுங்கள்.

டிக்கெட் விஷயம் அப்படி ஒரே வரியில் முடியாது. 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு பள்ளிகளுக்கு நல்ல சலுகை தருகிறது. பள்ளியின் செயல்பாடாக மாணவர்களும் ஆசிரியர்களும் பாடலாம், ஆடலாம், ரெக்கார்டும் போடலாம். பார்ப்பவர்கள் மட்டும் மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர், பாதுகாவலர், பள்ளி வேலைகளோடு தொடர்புடையவர்கள் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும். உங்கள் ஆண்டு விழா நிம்மதியாக நடப்பது இதனால்தான். அதே பிரிவில், தொழில்முறை அல்லாத குழுக்கள் கட்டணம் வாங்காமல் நிகழ்ச்சி நடத்தவும் இடம் இருக்கிறது. ஆனால் அது பாட்டையும் மெட்டையும் நிகழ்த்துவதற்கான சலுகை, ரெக்கார்டு போடுவதற்கு அது உதவாது. சத்துவாச்சாரியில் ஒரு மண்டபம் பிடித்து, 200 ரூபாய் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவித்தீர்கள் என்றால் இரண்டு சலுகையும் கையை விட்டுப் போய்விடும். ‘அனுமதி இலவசம்’ என்று போஸ்டர் ஒட்டிவிட்டு வாசலில் மேசை போட்டு ‘நன்கொடை 200’ என்று வாங்குவதும் டிக்கெட்தான், பெயர்தான் வேறு.

கல்யாணத்தில் விடிய விடிய டிஜே ஓடுகிறதே என்று கேட்பீர்கள். திருமணத்துக்கும் அதைச் சேர்ந்த கொண்டாட்டங்களுக்கும் அதே 52-ஆவது பிரிவில் விலக்கு இருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசு இதை ஒரு பொது அறிவிப்பாகவே வெளியிட்டது. மண்டபத்துக்காரர் ‘இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை’ என்று சொன்னால், அவர் பார்த்த கல்யாணங்களை வைத்துச் சொல்கிறார். உங்களுடையது கல்யாணம் இல்லையே.

டிக்கெட் நிகழ்ச்சிதான் வேண்டும் என்றால் உரிமம் வாங்கித்தான் நடத்த வேண்டும். ஒரு சினிமாப் பாட்டில் குறைந்தது இரண்டு உரிமை உண்டு. வரியும் மெட்டும் ஒன்று, அதற்கு ஐபிஆர்எஸ் என்கிற சங்கம். ஒலிப்பதிவு இன்னொன்று, அது ஆடியோ கம்பெனியுடையது. எந்தக் கம்பெனி என்பதைப் பொறுத்து பிபிஎல், நோவெக்ஸ், ஆர்எம்பிஎல் என்று உரிமம் கேட்டுத் தட்ட வேண்டிய அமைப்புகளின் கதவுகள் மாறும். இதில் யாருக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் என்பதே கோர்ட்டில் இழுபறி. பதிவு பெற்ற காப்புரிமைச் சங்கம்தான் அதைத் தொழிலாகச் செய்யலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரில் ஒரு நோவெக்ஸ் வழக்கில் சொன்னது. வேறு உயர் நீதிமன்றம் வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறது. ஆகவே யாராவது போன் செய்து பணம் கட்டச் சொன்னால், எந்தக் கம்பெனியின் எந்தப் பாட்டுகள் என்று பட்டியலை எழுத்தில் கேளுங்கள். மண்டபத்திலேயே உரிமம் இருக்கிறது என்றால் நகலை வாங்கி, இடத்தின் பெயரும் தேதியும் உங்கள் மாதிரியான நிகழ்ச்சியும் அதில் வருகிறதா என்று பாருங்கள். மேடையில் மெல்லிசைக் குழு நேரடியாகப் பாடினால் ஒலிப்பதிவு உரிமம் தேவைப்படாது, ஐபிஆர்எஸ் மட்டும் போதும்.

என்னைக் கேட்டால் இந்த நிகழ்ச்சியே வேண்டாம். 300 டிக்கெட் விற்றால் 60,000 ரூபாய். அதில் மண்டப வாடகை, சவுண்ட், லைட், உரிமம், பந்தோபஸ்து, டிபன் எல்லாம் போனால் கையில் என்ன நிற்கும்? மாணவிகளின் ஒரு மாதப் பயிற்சியும் அதிலேயே போய்விடும்.

அடுத்து அந்த 30 விநாடி. அப்படி ஒரு விதி இந்தியச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. 10 விநாடி, 7 நோட் என்று ஊருக்கு ஒரு கணக்கு சொல்வார்கள், எல்லாம் கதைதான். வீடியோவுக்குக் கீழே ‘உரிமை உரியவருக்கே’ என்று எழுதுவதாலும் ஒன்றும் ஆகாது. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. பாட்டைப் பொதுவில் போடுவதற்கான உரிமம் வேறு, பாட்டை வெட்டி, வேகம் ஏற்றி, இன்னொன்றோடு ஒட்டுவதற்கான அனுமதி வேறு. முதலாவதை வாங்கினால் இரண்டாவது கூடவே வந்துவிடாது. மாதச் சந்தா கட்டும் பாட்டுச் செயலிகளும் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான். அமெரிக்காவில் இந்தப் பிரச்சினை முன்பே வெடித்து, சியர் மிக்ஸ் செய்து விற்றவர்களை ரெக்கார்டு கம்பெனிகள் கோர்ட்டுக்கு இழுத்தன. அதற்குப் பிறகு அங்கே போட்டிக்குப் போகும் அணிகள் பாட்டுக்கான உரிமக் காகிதத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. சர்வதேச விதிகளைப் பின்பற்றும் அமைப்பாளர்கள் இங்கேயும் அதைக் கேட்கலாம்.

உங்களுக்குச் சொந்தமாக ஒரு டிராக் செய்துகொள்வதுதான் நல்லது. நீங்கள் நினைக்கிற அளவுக்குச் செலவாகாது. சர்வதேசப் போட்டிகளில் ஒரு ரொட்டீன், அதாவது அணி மேடையில் செய்யும் முழு ஆட்டம், இரண்டரை நிமிடம். நிமிடத்துக்கு 144 துடிப்பு என்று வைத்தால் 360 துடிப்பு, எட்டு துடிப்பை ஒரு ‘எட்டு’ என்று எண்ணினால் சரியாக 45 எட்டு. ஒரு தாளில் 45 கட்டம் போடுங்கள். முதல் நான்கு எட்டு உள்ளே ஓடி வர, அடுத்து ஜம்ப், பன்னிரண்டாவது எட்டில் முதல் ஸ்டன்ட் (ஒருத்தியை மற்றவர்கள் தூக்கிப் பிடிக்கும் வித்தை) மேலே ஏறுகிறது, கடைசி ஆறு பிரமிடுக்கு என்று பென்சிலால் நிரப்புங்கள். ஃபிளையர், அதாவது தூக்கப்படும் மாணவி, மேலே போய்க் கையை விரிக்கிற அந்த ஒரு எண்ணிக்கையில் ‘டம்’ என்று அடி விழ வேண்டும் என்றால் அதற்கு மேல் நட்சத்திரக் குறி. இந்தத் தாளோடு ஒரு கீபோர்டு கலைஞரிடம் போனால் அவர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துவிடுவார். சினிமா மிக்ஸில் நீங்கள் பாட்டுக்குத் தகுந்தபடி ஸ்டன்டை இழுத்துப் பிடிக்க வேண்டும், இதில் ஸ்டன்டுக்குத் தகுந்தபடி பாட்டு வரும். நடுவில் எட்டு எட்டுகளுக்குப் பறையும் தவிலும் வைத்துப் பாருங்கள். சியர் மேடையில் எல்லா அணியும் ஒரே மாதிரி எலக்ட்ரானிக் சத்தத்தோடு வரும்போது நடுவர் நிமிர்ந்து உட்காருவார். குரல் வேண்டுமென்றால் மாணவிகளையே கத்தவைத்துப் பதிவு செய்யுங்கள். பாரதியாரின் வரிகளுக்குக் காப்புரிமைத் தடை இல்லை. அவற்றுக்கு வேறொருவர் போட்ட மெட்டையும் ரெக்கார்டையும்தான் தொடக் கூடாது.

பணம் கொடுத்தவுடன் டிராக் உங்களுடையது ஆகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் உரிமை கைமாறும். எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். எந்த ஊருக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஆகவே ஒரு பக்கத்தில் காலம், ‘உலகம் முழுவதும்’ என்ற சொல், மேடையிலும் இணையத்திலும் பயன்படுத்தலாம் என்ற வரி, வேறு யாருடைய பாட்டிலிருந்தும் எதையும் எடுக்கவில்லை என்ற உறுதி, தொகை இவற்றை எழுதி வாங்குங்கள். உரிமை பள்ளியின் பெயரில் இருக்கட்டும், உங்கள் பெயரிலோ சவுண்ட் தம்பியின் பெயரிலோ வேண்டாம். இலவச இசை நூலகத்திலிருந்து எடுப்பதென்றால் நிபந்தனையைப் படியுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் ‘என்டி’ (மாற்றக் கூடாது) என்று இருந்தால் வெட்டி ஒட்ட முடியாது. ‘என்சி’ (வணிகப் பயன்பாடு கூடாது) என்று இருந்தால் பணம் திரட்டும் இடத்தில் போடாமல் இருப்பது நல்லது. ஏஐ செயலிகளின் இலவசத் திட்டங்களிலும் இந்த மாதிரித் தடைகள் இருக்கும்.

யூடியூபுக்கும் இதே டிராக் போதும். சினிமா மிக்ஸைப் போட்டால், பாட்டைத் தானாகவே அடையாளம் காணும் யூடியூபின் ‘கன்டென்ட் ஐடி’ பிடித்துவிடும். விளம்பரக் காசு கம்பெனிக்குப் போகலாம், அல்லது வீடியோ முடங்கலாம். அது வெறும் உரிமைக் கோரல். காப்புரிமை மீறலுக்காகச் சேனல் மேல் விழும் ஸ்டிரைக் என்பது வேறு, 90 நாளுக்குள் மூன்று வாங்கினால் சேனலே போய்விடும். பெண் பிள்ளைகளின் வீடியோ என்பதால் பெற்றோர் ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள், பின்னூட்டத்தையும் மூடி வையுங்கள்.

சரி, ஒன்றரை லட்சத்துக்கு எங்கே போவது? நம் பக்கத்தில் இருப்பதை முதலில் பாருங்கள். ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல், ஷூ ஆலைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே போய் சிஎஸ்ஆர் நிதி (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி) கேட்டால் பெரும்பாலும் வெறும் கையோடுதான் திரும்புவீர்கள். சட்டப் பட்டியலில் இருப்பது கிராமப்புற, தேசிய அங்கீகாரம் பெற்ற, பாராலிம்பிக், ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சி. சர்வதேச சியர் யூனியனை ஒலிம்பிக் கமிட்டி 2021-இல் முழுமையாக அங்கீகரித்திருந்தாலும் சியர்லீடிங் ஒலிம்பிக் விளையாட்டு ஆகவில்லை. பணமாகக் கேட்காமல் 18 ஜோடி வெள்ளை ஷூவாகக் கேளுங்கள், அளவுப் பட்டியலைக் கையோடு கொண்டுபோங்கள். விளம்பரச் செலவில் முடிகிற காரியம், மேலாளரே தலையாட்டிவிடுவார்.

தீபாவளிக்கு முன் ஆற்காடு மக்கன் பேடா முன்பதிவு எடுங்கள். கடைக்காரரிடம் மொத்த விலை பேசி, பணத்தை முதலில் வாங்கி, எண்ணி ஆர்டர் கொடுத்தால் ஒரு பெட்டிகூடத் தேங்காது. பெட்டிக்கு 60 ரூபாய் நின்று, ஒரு மாணவிக்கு 15 பெட்டி என்று வைத்தால் 16,200 ரூபாய். நீங்களே சமைத்து ஸ்டால் போடும் எண்ணம் இருந்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவு, வயிற்று வலிப் புகார் என்று வேறு தலைவலி.

அரையாண்டு விடுமுறை உங்களுக்குக் கிடைத்த வரம். சுற்றுவட்டாரப் பள்ளிகளின் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் சியர் பயிற்சி வையுங்கள். தலைக்கு 400 ரூபாய், 150 பேர் வந்தால் 60,000. மண்டப நிகழ்ச்சியின் மொத்த வசூல் அது, செலவு பாதிகூட இராது. உங்கள் சொந்த டிராக்கைத்தான் போடப்போகிறீர்கள் என்பதால் உரிமப் பேச்சே எழாது. கை அசைவும் ஜம்ப்பும் போதும், யாரையும் யார் மேலும் தூக்க விடாதீர்கள்.

பணம் எதுவும் உங்கள் ஜிபே எண்ணுக்கு வரக் கூடாது. பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்கு அல்லது பள்ளி அறக்கட்டளைக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, எல்லாவற்றுக்கும் ரசீது. அறக்கட்டளைக்கு நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை தரும் 80ஜி இருந்தால் நன்கொடையாளரிடம் சொல்லுங்கள், ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது.

நியூஜெர்சி பெரியப்பாவிடம் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பலாம், அது வெளிநாட்டு நிதி ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தாலும், வெளிநாட்டு நிதிக்கான எஃப்சிஆர்ஏ சட்டத்தின் கீழ் பதிவு இல்லாத அறக்கட்டளையோ கழகமோ அவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அவர் தன் தம்பி மகளின் செலவுக்குத் தம்பிக்கே அனுப்பினால் அது குடும்பப் பணம். ஆனால் அணிக்கான மொத்தத் தொகையையும் அந்த வழியாகக் கொண்டுவரச் சொல்லாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் போட்டி அமைப்பாளருக்கு இந்த வாரமே ஒரு மெயில் போடுங்கள். ரொட்டீன் எத்தனை நிமிடம், பாட்டுக்கு உரிமச் சான்று கேட்பார்களா, நேரலை உண்டா என்று கேளுங்கள். 45 கட்டத் தாளைப் பதில் வந்த பிறகு நிரப்பலாம், ஏனென்றால் சில போட்டிகளில் இரண்டு நிமிடம்தான் தருவார்கள்.