கை மரத்துப்போய் அறுவை வரை வந்தவர்களுக்கு: கேள்வி பதில்

கார்ப்பல் டனல் அறுவை பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கெல்லாம், கை அறுவை மருத்துவர் என்ற முறையில் இங்கே பதில் எழுதுகிறேன். உள்ளங்கை தொடங்கும் இடத்தில், மணிக்கட்டை ஒட்டி ஒரு குறுகலான சுரங்கம் இருக்கிறது. அதுதான் கார்ப்பல் டனல். அடியிலும் பக்கங்களிலும் எலும்பு, மேலே கெட்டியான தசைநார்ப் பட்டை. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும், கட்டைவிரல் பக்கத்து விரல்களுக்கு உணர்ச்சி தரும் மீடியன் நரம்பும் அதற்குள்தான் போகின்றன. இடம் நெருக்கினால் முதலில் அவதிப்படுவது நரம்பு. அறுவையில் அந்தப் பட்டையை வெட்டி இடம் உண்டாக்குகிறோம். நரம்பை நாங்கள் வெட்டுவதில்லை.

கேள்வி: மூன்று மாதமாக இரவில் கை மரத்து விழித்துக்கொள்கிறேன். உதறினால் சரியாகிவிடும். பகலில் தொந்தரவு இல்லை. உடனே அறுவை செய்ய வேண்டுமா டாக்டர்?

வேண்டாம். வந்து வந்து போகிற மரப்புக்கு முதலில் இரவில் ஸ்பிளின்ட் (மணிக்கட்டில் கட்டும் விறைப்பான தாங்கி) போட்டுப் பாருங்கள். தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கினால் சுரங்கத்துக்குள் அழுத்தம் ஏறும். அதை நேராக வைத்திருப்பதுதான் ஸ்பிளின்ட்டின் வேலை. ஆறு வாரம் ஒரு நாளும் விடாமல் போடுங்கள். போதவில்லை என்றால் ஸ்டீராய்டு ஊசி இருக்கிறது. பலருக்குச் சில மாதங்கள் நிம்மதி தரும், ஆனால் தொந்தரவு திரும்பி வருவதும் சகஜம். ஊசி மேல் ஊசியாகப் போட்டுக் காலத்தை ஓட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கேள்வி: இரண்டு வருடம் கடுமையான வலி இருந்தது. இப்போது வலி குறைந்துவிட்டது, விரல்கள் மட்டும் எந்நேரமும் மரத்தே இருக்கின்றன. குணமாகி வருகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்று வந்த கேள்விகளில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது இதுதான். வலி குறைந்து மரப்பு நிலைத்துவிட்டால், நரம்பு சேதி அனுப்பும் சக்தியையே இழந்து வருகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கட்டைவிரலின் அடியில் இருக்கும் சதைமேட்டைப் பாருங்கள். ஒரு கையில் அது தட்டையாகி, எலும்பு ஓரம் தெரிகிறதா? பொத்தான் போடும்போது தடுமாறுகிறீர்களா? பையில் கைவிட்டால் எது சாவி, எது நாணயம் என்று விரல் சொல்லுகிறதா? அப்புறம், மேசைமேல் உள்ளங்கை மேலே பார்க்கக் கையை வைத்து, கட்டைவிரலைக் கூரையை நோக்கி நேராகத் தூக்குங்கள். இன்னொருவர் அதை ஒரு விரலால் அழுத்தட்டும். சட்டென்று சாய்ந்துவிட்டால் தசை பலவீனமாகிவிட்டது.

இந்த நிலையில் ஸ்பிளின்ட், மாத்திரை என்று நாள் கடத்தக் கூடாது. நரம்பு மின்கடத்தல் பரிசோதனை செய்துகொண்டு சீக்கிரம் அறுவைக்கு நாள் குறியுங்கள். ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: நரம்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்கு எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். உணர்ச்சி திரும்பப் பல மாதங்கள் ஆகும், முழுதாகத் திரும்பாமலும் போகலாம். கரைந்த தசை பழையபடி வருமென்று என்னால் உறுதி கொடுக்க முடியாது. இருப்பதைக் காப்பாற்றுவதற்காகவே இந்த அறுவை உங்களுக்கு அவசியம்.

கேள்வி: முழு மயக்கம் கொடுப்பார்களா? பயமாக இருக்கிறது.

பெரும்பாலும் தேவைப்படாது. கையில் மட்டும் மரப்பு ஊசி. ஊசி போடும் அந்த அரை நிமிடம் சுரீரென்று எரியும், அதற்குப் பிறகு யாரோ தொடுகிறார்கள் என்பது மட்டும்தான் தெரியும். திறந்த முறையில் உள்ளங்கையில் சுமார் 3 சென்டிமீட்டர் வெட்டு. பட்டை வெள்ளையாக, தடித்து இருக்கும். அறுத்ததும் இரண்டு ஓரங்களும் தாமாக விலகும். அடியில் நரம்பு, நசுங்கிய இடத்தில் இடுப்பு போலச் சிறுத்துத் தெரியும். சில சமயம் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வெளிறிய இடத்தில் ரத்தம் பாய்ந்து சிவக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது சந்தோஷம்தான். எல்லாம் 15, 20 நிமிடத்தில் முடிந்துவிடும்.

கேள்வி: என்டோஸ்கோப்பி நல்லதா, திறந்த முறை நல்லதா?

என்டோஸ்கோப்பி என்றால் சிறு துளை வழியே கேமரா விட்டுப் பட்டையை வெட்டுவது. அதில் தழும்பு சிறியது, வேலைக்குக் கொஞ்சம் முன்னதாகத் திரும்பலாம். தற்காலிகமாக நரம்பு சீண்டப்படும் வாய்ப்பு அதில் சற்றுக் கூடுதல். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உங்கள் மருத்துவருக்கு எது கைவந்த முறை என்று கேளுங்கள், அதையே செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை நோய். இரண்டு கையிலும் இந்தப் பிரச்சினை. ஒரே நாளில் முடித்துவிடலாமா?

சிலர் அப்படிச் செய்கிறார்கள். நான் ஒவ்வொன்றாகச் செய்யவே சொல்வேன். இரண்டு கையிலும் கட்டோடு கழிப்பறைக்குப் போவது, சேலை கட்டுவது, தலை வாருவது எல்லாம் எப்படி என்று யோசித்துப் பாருங்கள். தொந்தரவு அதிகமான கையை முதலில் செய்யலாம். சர்க்கரை நோய் இருந்தாலும் அறுவை பலன் தரும். ஆனால் சர்க்கரையே நரம்புகளைப் பாதித்திருந்தால் கொஞ்சம் மரப்பு மிஞ்சலாம். அதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சர்க்கரை அளவு கட்டுக்குள் இருந்தால் புண் நன்றாக ஆறும்.

கேள்வி: எட்டு மாதக் கர்ப்பம். இரண்டு கையும் மரக்கிறது.

உடலில் நீர் கோப்பதால் வருவது. இரவில் ஸ்பிளின்ட் போடுங்கள். பெரும்பாலானவர்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகு தானாகவே அடங்கிவிடும்.

கேள்வி: எனக்குச் சுண்டுவிரல்தான் மரக்கிறது. இதே அறுவையா?

இல்லை. சுண்டுவிரலுக்குப் போவது வேறு நரம்பு, அல்நார். முழங்கையையும் கழுத்தையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அறுவை முடிந்து ஆறு வாரம். இரவில் நன்றாகத் தூங்குகிறேன். ஆனால் கையை ஊன்றி எழுந்தால் உள்ளங்கையின் அடி இரண்டு பக்கமும் வலிக்கிறது, பிடியிலும் வலு இல்லை. தோற்றுவிட்டதா?

இரவில் தூங்குகிறீர்கள் என்றால் நரம்புக்கு இடம் கிடைத்துவிட்டது. இந்த வலி பட்டை ஒட்டியிருந்த எலும்புகளின் ஓரத்தில் வருவது. மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் தணியும், சிலருக்கு இன்னும் கொஞ்சம் இழுக்கும். பிடியின் வலுவும் அந்தக் கணக்கில்தான் திரும்பும். தழும்பை எண்ணெய் தொட்டு ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை நீவிவிடுங்கள். விரல்களை முழுதாக மடக்கி நீட்டுங்கள். ஊன்றி எழுவதை இப்போதைக்குத் தவிருங்கள்.

இதற்கு மாறாக, பழைய மரப்பும் இரவு விழிப்பும் கொஞ்சமும் குறையாமல் இருந்தால்தான் பட்டை முழுதாக வெட்டுப்பட்டதா, கழுத்தில் ஏதாவது கோளாறா என்று திரும்பப் பார்க்க வேண்டும். அறுவைக்குப் பின் புதிதாக ஒரு விரல் மரத்தாலோ, கை வீங்கிப் பளபளத்துத் தொடவே முடியாமல் எரிந்தாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரைப் போய்ப் பாருங்கள்.