மூன்று ரீடிங் கரண்ட் பில்: ஒரே கட்டணத்துக்குத் திரும்ப வழி உண்டா?

கேள்வி: கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். வீட்டில் ஐந்து பேர், ஒரு ஏசி, ஒரு போர் மோட்டார். இரண்டு மாதத்துக்கு 560 யூனிட் ஆகிறது. கரண்ட் பில்லில் இப்போது மூன்று ரீடிங் போடுகிறார்கள். பொள்ளாச்சியில் என் நாத்தனார் வீட்டில் ஒரே ரீடிங்தான். நாங்களும் எழுதிக் கொடுத்து அப்படி மாறிக்கொள்ளலாமா? இல்லை, துணி துவைப்பது, தண்ணீர் ஏற்றுவது எல்லாவற்றையும் ராத்திரிக்குத் தள்ளினால் மிச்சமாகுமா?

பதில்: எழுதிக் கொடுத்து மாற முடியாது, சகோதரி. கேரளத்தில் மாதம் 250 யூனிட்டுக்கு மேல், அதாவது இரண்டு மாத பில்லில் 500க்கு மேல் போகும் வீடுகளுக்கு நேரக் கணக்கு (பகல், மாலை, இரவு என்று நேரத்துக்கு ஒரு விலை, அதற்குத்தான் மூன்று ரீடிங்) தானாகவே வந்துவிடும். உங்கள் நாத்தனார் வீடு தமிழ்நாட்டு மின்வாரியத்தின் கீழ் வருகிறது. அங்கே வீடுகளுக்கு மாலைநேரக் கூடுதல் கிடையாது. மாநில எல்லையான கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டினால் கணக்கே வேறு, அதனால் அந்த பில்லோடு உங்கள் பில்லை ஒப்பிட்டு வருத்தப்பட வேண்டாம்.

ராத்திரிக்குத் தள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம் பக்கம் பலரும் இன்னும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது பழைய கணக்கு. முன்பு இரவு 10 முதல் காலை 6 வரை 10 சதவீதம் குறைவாக இருந்தது உண்மை. 2025 ஜனவரியிலிருந்து அந்தச் சலுகை பகலுக்கு வந்துவிட்டது. காலை 6 முதல் மாலை 6 வரை 10 சதவீதம் குறைவு. மாலை 6 முதல் இரவு 10 வரை 25 சதவீதம் கூடுதல். இரவு 10க்கு மேல் சாதாரண விலை. காரணம் எளிது. பகலில் கூரைக்குக் கூரை சோலார் கரண்ட் வருகிறது. பொழுது சாய்ந்ததும் அது நின்றுபோகும், அதே நேரத்தில் எல்லா வீட்டிலும் விளக்கும் டிவியும் ஏசியும் ஓடத் தொடங்கும். தன் தேவையில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கும் மாநிலம் அந்த நேரத்தில்தான் அதிக விலை கொடுக்கிறது.

இப்போது உங்கள் கணக்கு. மாதம் 280 யூனிட். 2025 ஏப்ரல் முதல் உள்ள விலைப்படி, 250ஐத் தாண்டி 300க்குள் இருக்கும் வீட்டுக்கு எல்லா யூனிட்டும் 6.75 ரூபாய். நேரம் பார்த்தால் பகலில் சுமார் 6.08, மாலையில் 8.44, இரவில் 6.75. பகலில் 120, மாலையில் 60, இரவில் 100 யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பகலில் 81 ரூபாய் மிச்சம், மாலையில் 101 ரூபாய் கூடுதல். ஆக நேரக் கணக்கால் உங்களுக்கு மாதம் 20 ரூபாய்தான் அதிகம். பகலில் 10 யூனிட் ஓடினால் மாலையில் 4 யூனிட் வரை ஓடலாம், நேரக் கணக்கால் பில் ஏறாது. இந்தப் பத்துக்கு நாலு கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பில்லில் உள்ள மூன்று ரீடிங்கையும் பாருங்கள், உங்கள் வீடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும்.

மாலையில் ஓடுவதில் 20 யூனிட்டைப் பகலுக்கு மாற்றினால் மாதம் 47 ரூபாய் குறையும். செய்ய வேண்டியதுதான். ஆனால் உங்கள் பில்லில் பெரிய பணம் வேறு இடத்தில் போகிறது, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

250 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்குப் படிப்படியாக விலை ஏறும். முதல் 50 யூனிட் 3.35, அடுத்தடுத்த ஐம்பதுகளுக்கு 4.25, 5.35, 7.20, 8.50. சரியாக 250 யூனிட் என்றால் 1,432 ரூபாய் 50 காசு. ஒரு யூனிட் கூடி 251 ஆனால் அந்தப் படிகள் எல்லாம் போய், மொத்தமும் 6.75 வீதம் 1,694 ரூபாய் ஆகிவிடும். ஒரே யூனிட்டுக்கு 260 ரூபாய்க்கு மேல்! உங்கள் 280க்கு 1,890. முப்பது யூனிட்டைக் குறைத்து 250க்குள் வந்தால் மாதம் 457 ரூபாய் மிச்சம், அதோடு நேரக் கணக்கும் போய்விடும். நீங்கள் கேட்ட அந்த ஒரே கட்டணத்துக்கு இதுதான் வழி. (நிலைக் கட்டணம், வரி, சர்சார்ஜ் எல்லாம் இதில் சேர்க்கவில்லை.)

முப்பது யூனிட் எங்கே குறைப்பது? முதலில் மின்விசிறியைப் பாருங்கள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், மின்சாரம் குறைவாக இழுக்கும் புதுவகை பிஎல்டிசி ஃபேன் முழு வேகத்தில் சுமார் 30 வாட். பாலக்காட்டுக் கணவாய் வெயிலில் நம் வீடுகளில் ஃபேன் நாளுக்கு 12 மணி நேரமாவது சுற்றும். ஒரு ஃபேனை மாற்றினால் மாதம் 16 யூனிட், இரண்டை மாற்றினால் 32. பங்குனி, சித்திரையில் ஏசி அதிகம் ஓடும்போது இது மட்டும் போதாமல் போகலாம். அப்போது ஏசியை 26இல் வைத்து ஃபேனையும் சேர்த்துப் போடுங்கள், இரவு 10க்கு மேல் ஆன் செய்யுங்கள்.

போர் மோட்டாரை எப்போதும் காலையிலேயே போட்டுவிடுங்கள். 1 எச்பி மோட்டார் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் எடுக்கும். வாஷிங் மெஷின், இஸ்திரி, கீசர் எல்லாம் பகலுக்கே. எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினால், 3 யூனிட் சார்ஜுக்குப் பகலில் 18 ரூபாய், மாலையில் 25. கிரைண்டருக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம், அரை மணி நேரம் ஓடினாலும் அது எடுப்பது கொஞ்சம்தான். பிரிட்ஜை மாலையில் அணைத்து வைப்பதும் வேண்டாம், சாப்பாடு கெட்டால் நஷ்டம்.

அப்புறம், மீட்டரின் டிஸ்ப்ளே மாறி மாறி ஓடும்போது அதில் நேரமும் வரும். அதைக் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பாருங்கள். மீட்டரின் கடிகாரம் தவறாக ஓடினால் பகல் யூனிட் மாலைக் கணக்கில் ஏறிவிடும். வித்தியாசம் இருந்தால் ஒரு போட்டோ எடுத்து, மின்வாரிய செக்ஷன் ஆபீசில் எழுத்தில் புகார் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.