"அப்பா எப்போ திரும்பிப் போவார்?" என்று மகன் கேட்கிறான்

அன்புள்ள ஆலோசகருக்கு,

நான் ராணுவத்தில் ஹெலிகாப்டர் விமானி. வயது 39. சர்வீஸில் சேர்ந்து 16 வருடம் ஆகிறது. மனைவி, 11 வயதில் மகள், 6 வயதில் மகன். 7 மாதம் வெளி முகாமில் இருந்துவிட்டுப் போன மாதம்தான் வீட்டுக்கு வந்தேன்.

வந்த நாலாம் நாள் மகள் என்னிடம், "தம்பி கேட்கிறான்ப்பா, நீங்க எப்போ திரும்பிப் போவீங்கன்னு" என்றாள். சிரித்து மழுப்பினேன். அன்று இரவு தூக்கமில்லை.

தப்பு என் பக்கமும் இருக்கிறது. வந்த மறுநாளே செருப்பு வைக்கும் இடத்தை மாற்றினேன். பள்ளிப் பையை இரவே அடுக்கி என்னிடம் காட்ட வேண்டும் என்றேன். மனைவி கோபப்படவில்லை. "ஏழு மாசம் இந்த வீடு ஓடிச்சுங்க" என்று மட்டும் சொன்னாள். பள்ளிப் படிவத்தில் கையெழுத்து வாங்க, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என்னைத் தாண்டி மகள் அம்மாவிடம் போகிறாள். மகன் தூக்கச் சொல்லிக் கையை நீட்டுவான். இத்தனை வருடம் காக்பிட்டில் ஒரு பக்கமாகக் குனிந்தே உட்கார்ந்ததில் முதுகு போய்விட்டது. "அப்புறம்டா" என்பேன். இப்போதெல்லாம் அவன் கேட்பதில்லை.

பூங்காவில் ஒரு நாள் அவன் காலால் புழுதியைக் கிளப்பி விளையாடினான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டேன். விரல் தடம் பதிந்துவிட்டது. ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கு மட்டும் தெரியும்.

3 மாதம் முன்பு, இரவில், காயம்பட்ட ஒருவரை ஏற்றக் காய்ந்த மண்ணில் இறங்க வேண்டியிருந்தது. ரோட்டர் காற்று புழுதியைக் கிளப்பி எல்லாவற்றையும் மறைத்துவிடும். 'பிரவுன் அவுட்' என்போம். புழுதி சுழல்வதைப் பார்த்தால், நாம் நகர்கிறோமா நிற்கிறோமா என்று கண்ணே பொய் சொல்லும். நான் நிற்கிறேன் என்றுதான் நினைத்தேன். கதவோரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர் "வலது பக்கம் போகிறோம், மேலே, மேலே!" என்று கத்தினார். ஹெலிகாப்டரை மேலே எழுப்பும் நெம்புகோலை, 'கலெக்டிவ்' என்போம், தூக்கிவிட்டேன். இரண்டாவது முறை ஒழுங்காக இறங்கினோம். யாருக்கும் ஒன்றும் இல்லை. ரிப்போர்ட்டில் நாலு வரி.

அதிலிருந்து 3 மணிக்கு விழித்துவிடுகிறேன். மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த முறை நான் கிளம்பியதும் அவள் தூங்கமாட்டாள். மருத்துவரிடம் போனால் பறக்கவிடாமல் உட்கார வைத்துவிடுவார்களோ என்று பயம். இன்னொன்று, சம்பந்தம் உண்டா தெரியவில்லை: கடைசி மெடிக்கலில் காது கொஞ்சம் மந்தம் என்றார்கள், ஆனால் வரம்புக்குள்தான் இருக்கிறதாம்.

– ஒரு விமானி

*

அன்புள்ள நண்பருக்கு,

சம்பந்தம் உண்டா என்று கேட்டு முடித்தீர்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன். எஞ்சின், ரோட்டர் இரைச்சலில் வருடக்கணக்காக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் மங்குவது உச்ச ஸ்தாயி ஒலிகள்தான். ச, ஸ, ஷ போன்ற எழுத்துகள், குழந்தைகளின் குரல் எல்லாம் அதில் அடங்கும். 'வரம்புக்குள்' என்றால் பறக்கத் தடையில்லை என்றுதான் பொருள். தட்டு உருளும் சத்தத்துக்கு நடுவே 6 வயதுப் பையன் முதுகுப் பக்கமிருந்து பேசுவது கேட்கும் என்று பொருளில்லை. மகன் கூப்பிட்டு நீங்கள் திரும்பாதபோது அவன் என்ன நினைத்திருப்பான்? "என்ன?" என்று நீங்கள் முகம் சுருக்கியபோது? காதை விவரமாக ஒரு முறை சோதித்துப் பாருங்கள். அதற்கு முன்பே, "அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்காது, முன்னால் வந்து பேசுடா" என்று அவனிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்து அந்தக் கையெழுத்து விஷயம். பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில், போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்தார். அப்பாவின் இடத்தை அப்படியே காலியாக வைத்துக் காத்திருந்த குடும்பங்கள்தான் அதிகம் தடுமாறின. உங்கள் வீட்டில் அந்த வேலைகளை மூவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். உங்களுக்கு வலிக்கும், புரிகிறது. ஆனால் அது ஆரோக்கியமான வீட்டின் அடையாளம். நீங்கள் நல்லபடி திரும்பி வந்துவிட்டீர்கள் என்பதற்காக ஒரே வாரத்தில் அதையெல்லாம் கலைக்க முடியுமா?

அன்று இரவு கதவோரம் இருந்தவர் கத்தியதும் ஒரு நொடிகூட வாதாடாமல் கேட்டீர்கள். பதவியில் உங்களுக்குக் கீழே இருப்பவராகத்தான் இருப்பார். ஆனாலும் தரை தெரிந்தது அவருக்கு. இந்த 7 மாதமும் வீட்டில் தரை யாருக்குத் தெரிந்தது? செருப்பைப் பழைய இடத்திலேயே வைத்துவிடுங்கள். மனைவியிடம் கேட்டு ஒரே ஒரு வேலையை வாங்கிக்கொள்ளுங்கள், அவர் செய்கிற மாதிரியே செய்யுங்கள். மாற்ற வேண்டியது ஏதாவது இருந்தால் அடுத்த மாதம் பேசலாம்.

மனைவி தூங்கமாட்டாள் என்கிறீர்கள். 3 மணிக்கு நீங்கள் எழுந்து உட்காருவது பக்கத்தில் படுத்திருப்பவருக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? காரணம் தெரியாதவர் மோசமான காரணங்களையே கற்பனை செய்வார். பகலில், பிள்ளைகள் இல்லாத நேரத்தில், எனக்கு எழுதினீர்களே அந்த அளவுக்கே சொல்லுங்கள். போதும்.

மகனிடம் இன்றே பேச வேண்டும். இந்த வயதில் அப்பா கோபித்தால் தன்னால்தான் என்றே பிள்ளைகள் நினைப்பார்கள். "புழுதியைப் பார்த்ததும் அப்பா பயந்துட்டேன். இழுத்தது என் தப்பு, உன் தப்பில்லை" என்று நேராகச் சொல்லுங்கள். பைலட் அப்பா பயந்தாரா என்று அவன் வியந்து போகலாம், போகட்டும்.

தூக்கம் மட்டும் என் பதிலோடு தீர்கிற காரியமில்லை. இப்படி விழிப்பும் திடுக்கிடலும் ஒரு மாதத்தைத் தாண்டினால் நேரில் காட்ட வேண்டும். உங்களுக்கு 3 மாதம் ஆகிவிட்டது. கொஞ்ச நாள் பறக்க வேண்டாம் என்று சொல்ல வாய்ப்பு உண்டு, அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் உங்கள் துணை விமானி 3 மாதமாக இப்படித்தான் தூங்குகிறார் என்று தெரிந்தால் அவரோடு ஒரு இரவுப் பறப்புக்கு ஏறுவீர்களா? உங்கள் பிரிவு மருத்துவரை இந்த விடுப்பு முடிவதற்குள் பாருங்கள். முதுகையும் அவரிடமே சொல்லுங்கள், அதைத் தனியாகப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அதுவரை மகனைத் தூக்க வேண்டாம். தரையில் உட்காருங்கள், அவனே ஏறிக்கொள்வான்.