நோ இல்லை, கறை மட்டும்

கேள்வி: எனக்கு 63 வயது. மாதவிடாய் நின்று 12 வருடம். மூன்று கிழமையாக மார்பு உள்ளாடையின் வலப்பக்கத்தில் சின்னதாக மண்ணிறக் கறை படிகிறது. கட்டி ஒன்றும் கைக்குத் தட்டுப்படவில்லை, நோவும் இல்லை. நின்றுவிட்டதா என்று தினமும் முலைக்காம்பை அழுத்திப் பார்க்கிறேன். நோ வந்தபிறகு காட்டினால் போதுமா?
- வாசகி, சாவகச்சேரி

பதில்: போதாது அம்மா. இந்தக் கிழமையே காட்டுங்கள்.

மண்ணிறம் பெரும்பாலும் பழைய இரத்தம். அழுத்தாமலே வருகிறது, அதுவும் ஒரு மார்பில் மட்டும். உங்கள் வயதில் இதைப் பரிசோதிக்காமல் விடக்கூடாது. பால்க்குழாய்க்குள் வளரும் பாப்பிலோமா என்ற சிறு சதையாக இருக்கலாம். அது புற்றுநோய் அல்ல. ஆனால் குழாய்க்குள் தொடங்கும் புற்றுநோயும் இதே கறையைத்தான் காட்டும், தொடக்கத்தில் அதுவும் நோகாது. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. தண்ணீர்போலத் தெளிவாக வந்தாலும் இதே கதைதான்.

அழுத்துவதை இன்றோடு விடுங்கள். அழுத்த அழுத்தக் கசிவு கூடும். கிளினிக்குக்குப் போகும் நாளில், எந்தத் துவாரத்தால் வருகிறதென்று வைத்தியர் பார்க்க ஒன்றும் மிஞ்சாமலும் போகலாம். உள்ளாடைக்குள் வெள்ளைத் துணி வைத்து, கறைபட்ட துணியையும் குடிக்கும் குளிசைகளையும் கொண்டுபோங்கள்.

சாவகச்சேரி ஆதார வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவில் சொன்னால் சத்திரசிகிச்சை கிளினிக்குக்கு வழிப்படுத்துவார்கள். சுகவனிதையர் கிளினிக் நடக்கும் திகதிவரை பொறுக்க வேண்டாம். அது அறிகுறி இல்லாதவர்களுக்கானது. பரிசோதிக்கும்போது பெண் தாதி ஒருவர் கூட நிற்கவேண்டுமென்று கேட்கத் தயங்காதீர்கள்.

மமோகிராமும் ஸ்கானும் எடுப்பார்கள். மமோகிராம் அன்று மார்பிலும் கமக்கட்டிலும் பவுடர் போடாதீர்கள், படத்தில் புள்ளிகளாக விழும். படத்தில் ஒன்றும் இல்லையென்றாலும், கசிவைத் தடவி எடுத்த பரிசோதனை நல்லபடி வந்தாலும், கறை தொடர்ந்தால் கிளினிக்கை விடாதீர்கள். சின்னக் குழாய் வளர்ச்சிகள் இரண்டுக்கும் தப்பிவிடும். அப்போது அந்தக் குழாயை மட்டும் வெட்டி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப நேரலாம்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. இரு மார்பிலும் பால்போல வந்தால் வாந்திக்குக் கொடுக்கும் டொம்பெரிடோன் போன்ற குளிசையோ தைரோயிட் குறைவோ காரணமாகலாம். அதற்கு இரத்தப் பரிசோதனை உண்டு. வைத்தியரைக் கேளாமல் குளிசையை நிறுத்தாதீர்கள். காம்பில் சொறிபோல வந்து, பூச்சு மருந்துக்கும் இரண்டு கிழமையில் ஆறாவிட்டால் அதையும் தோல் வருத்தமென்று விட்டுவிடாமல் இதே கிளினிக்கில் காட்டுங்கள்.