ஓடுகிற காரா, துரு ஏறாத காரா?
பழைய அமெரிக்கக் கார்கள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: புதுப்பித்து ஓட்டுவதற்காக 1965-ஆம் ஆண்டு ஷெவர்லே இம்பாலா, இரண்டு கதவு மாடல் ஒன்றைத் தேடி வருகிறேன். ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு கார்கள் வந்திருக்கின்றன. ஒஹையோவில் இருப்பது ஓடுகிறது. புதிதாகப் பெயின்ட்டும் அடித்திருக்கிறார்கள். அரிசோனாவில் இருப்பதில் எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது. பெயின்ட் வெளிறி, சீட்டெல்லாம் கிழிந்து கிடக்கிறது. ஓடுகிற காரையே வாங்கச் சொல்கிறார்கள் நண்பர்கள். தங்கள் கருத்து என்ன?
— ஒரு வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: அரிசோனா காரை முதலில் போய்ப் பாருங்கள். பழைய காரில் எஞ்சின்தான் எல்லாம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். செலவுக் கணக்கு எழுதிப் பார்த்தால், தகடும் குரோம் பட்டைகளும்தான் பணத்தை விழுங்குகின்றன. உங்கள் காரில் 283 அல்லது 327 கன அங்குல வி-8 எஞ்சின் இருக்குமானால், அது 1955-இல் தொடங்கிய ஷெவர்லேயின் ‘ஸ்மால் பிளாக்’ வரிசையைச் சேர்ந்தது. அந்த வரிசையின் 10 கோடியாவது எஞ்சினை 2011-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டாடியது. அதன் பிஸ்டனும் பேரிங்கும் கிடைக்காத ஊர் அமெரிக்காவில் இல்லை. அதைப் பிரித்துப் போடத் தெரிந்த மெக்கானிக்குகளுக்கும் பஞ்சமில்லை.

ஒஹையோ, மிச்சிகன், பென்சில்வேனியா போன்ற வட மாநிலங்களில் குளிர்காலச் சாலைகளில் உறைபனியைக் கரைக்க உப்பு தூவுகிறார்கள். அந்த உப்பு நீர் காரின் அடியில் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மடிப்புகளுக்குள் தங்கி, உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். மேலே தெரியும் ஒரு சிறு கொப்புளத்துக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குத் தகடே இல்லாமல் இருக்கலாம். அங்கே ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, மேலே பெயின்ட் அடித்துவிட்டால் விற்பனைப் படத்தில் கார் மணப்பெண் போல ஜொலிக்கும். விற்பதற்குச் சற்று முன் அடித்த புதிய பெயின்ட்டையும், அடிப்பாகம் முழுவதும் புதிதாகப் பூசிய கருப்புத் தார்ப் பூச்சையும் ஒருசேரக் கண்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். வெளிறிய பழைய பெயின்ட் எதையும் மறைப்பதில்லை என்பதே அதன் பெரிய சிறப்பு.

எந்தக் காரைப் பார்க்கப் போனாலும் ஒரு சிறிய காந்தம், மெல்லிய துணி, டார்ச், ஸ்க்ரூடிரைவர் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். காந்தத்தைத் துணியில் சுற்றிப் பின் சக்கரத்தைச் சுற்றியுள்ள தகட்டின் கீழ்ப்பகுதியிலும், முன் மட்கார்டின் பின்முனையிலும், கதவுகளுக்குக் கீழே ஓடும் பட்டையிலும் நகர்த்திப் பாருங்கள்; பிடிப்பு விட்டுப்போகும் இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது. பின் கண்ணாடியின் கீழ் விளிம்பை மறக்க வேண்டாம். அங்கே அலங்காரப் பட்டையைப் பிடித்திருக்கும் கிளிப்புகளைச் சுற்றித்தான் தண்ணீர் தேங்கித் துரு தொடங்கும்; பிறகு அந்தத் தண்ணீர் டிக்கிக்குள் இறங்கித் தரையைத் தின்னும். எனவே டிக்கி விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியையும் வெளியே எடுத்துவிட்டுத் தரையைப் பார்க்க வேண்டும். கூரைக்கு வைனில் உறை போட்ட கார் என்றால் இந்த ஆய்வை இருமடங்கு கவனத்துடன் செய்யுங்கள். அந்த உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு நடப்பதை மறைத்துவிடும். முன்புறக் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்து, அது நனைந்திருந்தால், கண்ணாடிக்கு முன்னால் காற்று நுழையும் பகுதியில் தகடு ஓட்டை விழுந்திருக்கிறதா என்று தேடுங்கள். அந்த இடத்தைச் சரிசெய்ய முன்பக்கம் முழுவதையும் பிரிக்க நேரும்.

அடுத்தது சேஸிஸ், அதாவது காரின் உடலைத் தாங்கும் அடிச்சட்டம். 1958 முதல் 1964 வரை ஷெவர்லே முழு அளவுக் கார்களின் சேஸிஸ் எக்ஸ் வடிவில் நடுவில் குறுகி ஓடியது. பக்கவாட்டில் நீளச் சட்டம் கிடையாது. 1965-இல் விளிம்பைச் சுற்றிவரும் சட்டத்துக்கு மாறினார்கள். உங்கள் மாடலில் பின் சக்கரத்துக்கு மேலாக வளைந்து ஏறும் பகுதியையும், அதற்குப் பின்னால் பம்பர் வரை செல்லும் பகுதியையும் ஸ்க்ரூடிரைவரால் அழுத்தமாகக் குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் விலை பேசவே வேண்டாம். ஒவ்வொரு கதவையும் பாதி திறந்து மேல்நோக்கித் தூக்கிப் பாருங்கள். கீல் தேய்ந்திருந்தால் ஆட்டம் தெரியும். கீல் சரியாக இருந்தும் கதவு இடைவெளி மேலே குறுகி, கீழே அகன்றிருந்தால், சேஸிஸுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள தாங்கு இடங்கள் அமுங்கியிருக்கக்கூடும்.

அரிசோனா காரிலும் குறைகள் இருக்கும். வெயிலில் டாஷ்போர்டு வெடித்திருக்கும், கதவு ரப்பர்கள் பொடிந்திருக்கும், ஒயர்களின் மேலுறை காய்ந்து உதிரும். இம்பாலாவுக்கு இவை அனைத்தும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. ஆனால் ஜாம் ஆன காரை லாரியில் ஏற்ற, கம்பி வடத்தால் இழுக்கும் வின்ச் வேண்டும். சக்கரங்களும் சுழலாவிட்டால் நியூ ஜெர்சி வரை கொண்டுவரும் கட்டணம் இன்னும் ஏறும். அந்தத் தொகையை விலையோடு சேர்த்த பிறகே இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒஹையோ கார் இந்தச் சோதனைகளில் எல்லாம் தேறிவிட்டால் அதை வாங்குவதற்கு நான் குறுக்கே நிற்கப் போவதில்லை.

கேள்வி: நான் பார்த்த 1966 இம்பாலாவில் ‘எஸ்.எஸ்.’ (சூப்பர் ஸ்போர்ட்) சின்னம் இருக்கிறது. அதைச் சொல்லியே கூடுதல் விலை கேட்கிறார்கள். அது உண்மையான எஸ்.எஸ்.தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— ஒரு வாசகி, ஹூஸ்டன்

பதில்: சின்னத்தை யார் வேண்டுமானாலும் வாங்கி ஒட்டலாம், வாகன அடையாள எண்ணைப் பாருங்கள். உங்கள் காரில் அது ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் கீல் தூணில் இருக்கும் சிறு தகட்டில் இருக்கும். 1968 முதல்தான் அது கண்ணாடி வழியே தெரியும்படி டாஷ்போர்டுக்கு மாறியது. 1966-இல் வி-8 எஞ்சினுள்ள எஸ்.எஸ். காரின் எண் 168 என்றும், ஆறு சிலிண்டர் எஸ்.எஸ்.ஸின் எண் 167 என்றும் தொடங்கும். 164 என்று தொடங்கினால் அது சாதாரண வி-8 இம்பாலா. ஆண்டுக்கு ஆண்டு இது மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள்: 1965-இல் 166 என்பது எஸ்.எஸ்., 1966-இல் அதே 166 ஷெவர்லேயின் இன்னொரு மாடலான கப்ரீஸ். 1962, 1963 கார்களிலும், பின்னர் 1968-இலும் எஸ்.எஸ். என்பது கூடுதல் வசதித் தொகுப்பாக மட்டுமே இருந்ததால், அந்த ஆண்டுகளின் எண்ணைப் பார்த்து எதையும் நிரூபிக்க இயலாது. அத்தகைய காருக்குப் பழைய ரசீது போன்ற ஆவணம் இல்லாமல் கூடுதல் தொகை கொடுக்காதீர்கள்.

மேலே ஆறு சிலிண்டர் என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். இந்த ஆண்டுகளில் எஸ்.எஸ். என்பது பெரும்பாலும் தனித்தனி முன் சீட்டுகளும் நடுவே கன்சோலும் கொண்ட அலங்காரம்தான். பெரிய எஞ்சினுக்கு அது உத்தரவாதம் அன்று.

‘அசல் எஞ்சின்’ என்று சொன்னால் தேதிகளை ஒப்பிடுங்கள். எஞ்சின் அறையின் பின்சுவரில் உள்ள ஃபிஷர் பாடி (காரின் உடலைக் கட்டிய ஜெனரல் மோட்டார்ஸ் பிரிவு) தகட்டில் ‘03 சி’ என்பது போன்ற குறி இருந்தால், அந்த உடல் மார்ச் மூன்றாம் வாரத்தில் கட்டப்பட்டது என்று பொருள். எஞ்சின் பிளாக்கிலும் வார்ப்புத் தேதி இருக்கும். அதில் மாதத்தை ‘ஏ’ முதல் வரும் எழுத்தாகவும், அடுத்து நாளையும் ஆண்டின் கடைசி இலக்கத்தையும் குறித்திருப்பார்கள். மார்ச்சில் கட்டிய காருக்குள் ஜூனில் வார்த்த எஞ்சின் இருந்தால், அது பின்னால் வந்து சேர்ந்தது.

கேள்வி: அண்டை வீட்டார் 1967 பியூக் எலக்ட்ரா 225 ஒன்றை விற்கிறார்கள். நான்கு கதவு, துரு குறைவு, ஒரு பொருளும் காணாமல் போகவில்லை. இரண்டு கதவுக் காரை விட மிகவும் மலிவு. ஆனால் டைட்டில் என்கிற உரிமைப் பத்திரம் இல்லை என்கிறார்கள். வாங்கலாமா?
— ஒரு வாசகர், பஃபலோ, நியூயார்க்

பதில்: பத்திரம் குறித்து அஞ்ச வேண்டியதில்லை. நியூயார்க்கில் 1972 மற்றும் அதற்கு முந்தைய மாடல்களுக்கு டைட்டில் வழங்குவதில்லை. மாற்றித் தரத்தக்க பதிவுச் சான்றே உரிமை ஆவணம். அதில் உள்ள பெயர் விற்பவருடையதா, எண் காரில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று மட்டும் சரிபாருங்கள்.

நான்கு கதவுக் கார் வாங்கும்போது மலிவு. டிங்கரிங், பெயின்ட், குரோம் செலவு மட்டும் இரண்டு கதவுக் காருக்கு ஆவது போலவே ஆகும். விற்கும்போது மறுபடியும் மலிவு. குடும்பத்தோடு ஓட்டி மகிழ்வதற்கு என்றால் நான் தயங்காமல் வாங்குவேன். இம்பாலாவுக்குக் கிடைப்பது போலப் பியூக்குக்குப் புதிய தகடுகளும் பட்டைகளும் கிடைப்பதில்லை என்பதால், ‘ஒரு பொருளும் காணாமல் போகவில்லை’ என்று நீங்கள் எழுதிய வரிதான் இந்தக் காரின் உண்மையான மதிப்பு. பின் கதவுக் கண்ணாடிகளும் விளக்குகளைச் சுற்றிய வார்ப்புகளும் முழுமையாக உள்ளனவா என்பதை நேரில் உறுதி செய்யுங்கள். வார்ப்புகளில் குழி விழுந்திருந்தால் மறுபடி குரோம் பூசுவதற்கு ஆகும் செலவு உங்களைத் திகைக்க வைக்கும். அந்த ஆண்டு அறிமுகமான 430 கன அங்குல எஞ்சினை 1969 வரைதான் தயாரித்தார்கள். முதலில் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரஷன் சோதனை செய்து பாருங்கள். சிலிண்டர்களுக்கு இடையே பெரிய வேறுபாடு இருந்தால் அதற்கேற்ப விலையைக் குறையுங்கள்.

முன்பணம் கொடுக்கும் முன் உங்கள் கராஜை அளந்துவிடுங்கள். 1959-இல் எலக்ட்ரா 225 மாடலின் நீளம் 225 அங்குலத்துக்குச் சற்று மேல். பெயரில் உள்ள எண் அங்கிருந்து வந்ததுதான். உங்கள் காரும் ஏறக்குறைய அவ்வளவே, அதாவது 18 அடிக்கு மேல். 20 அடி ஆழமுள்ள கராஜில் காரை நிறுத்திக் கதவை மூடிவிடலாம். முன்னால் நின்று எஞ்சின் வேலை பார்க்க இடம் இருக்காது. பிரித்தெடுக்கும் பானெட்டையும் கதவுகளையும் வைக்கத் தனி இடமும் தேவைப்படும்.