மகளுக்குத் துப்பாக்கி வாங்குவதற்கு முன் ஒரு தோட்டாவின் விலையைக் கேளுங்கள்

அன்புள்ள ஐயா,

சனிக்கிழமை நீங்களும் மகளும் என்னிடம் ஆலோசனைக்கு வந்து போனபோது, அவள் எதிரில் எல்லாவற்றையும் பேச முடியவில்லை. விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன். உங்களைப் போலவே தவிக்கும் வேறு சில பெற்றோரும் படிக்கட்டும் என்று நீங்கள் சம்மதித்ததற்கு நன்றி. பெயரும் ஊரும் இருக்காது.

நீங்கள் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகள் பிளஸ் ஒன், உயிரியல் பிரிவு. போன மே விடுமுறையில் தாய்மாமனோடு துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போனாள். அன்று முதல் ட்ராப், ஸ்கீட், தோட்டா என்று வேறு பேச்சே இல்லை. காற்றில் வீசப்படும் தட்டுகளைச் சுட்டு உடைக்கும் போட்டிகள்தான் ட்ராப்பும் ஸ்கீட்டும். வீட்டில் சப்பாத்தியைத் தட்டில் போட்டால்கூட அது எந்தக் கோணத்தில் பறக்கும் என்று பார்க்கிறாள். மாமா "பிள்ளைக்கு நல்ல கை இருக்கிறது, சொந்தத் துப்பாக்கி வாங்கிக் கொடுங்கள்" என்கிறார். அம்மா "பொம்பளப் பிள்ளைக்கு இது எதற்கு" என்கிறார். நீங்கள் நடுவில், ரோட்டோர மனையை விற்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மனையை விற்க வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவளைக் கிளப்புக்குப் போகாதே என்றும் சொல்ல வேண்டாம்.

இப்படிச் சொல்லக் காரணம் அவள் கொண்டுவந்த அந்த நோட்டு. நீங்கள் வெளியே போன் பேசப் போயிருந்தபோது காட்டினாள். பழைய கணக்கு நோட்டின் பின்பக்கம். ட்ராப்பில் ஒரு ரவுண்டுக்கு 25 தட்டுகள். அதில் 10 இடது பக்கம் பறக்கும், 10 வலது பக்கம், 5 நேராக. எந்தத் தட்டு எந்தப் பக்கம் வரும் என்பது சுடுகிறவருக்கு முன்கூட்டித் தெரியாது. ஐந்து இடங்களில் மாறி மாறி நின்று சுட வேண்டும். இவள் ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஐந்து கட்டம் போட்டு, விழுந்ததற்கு டிக், விட்டதற்கு வட்டம், வட்டத்துக்குள் இ, வ, நே என்று குறித்திருக்கிறாள். கடைசி ரவுண்டில் 25-க்கு 14. வலதில் 7, நேரில் 4, இடதில் வெறும் 3. "இடது பக்கம்தான் மேடம் போகுது, ஏன்னு தெரியல" என்றாள்.

இத்தனை வருடத்தில் 'எனக்கு இதில்தான் ஆர்வம்' என்று வந்த பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். கிரிக்கெட், செஸ், டான்ஸ், யூடியூப், எதுவானாலும் நான் கேட்பது ஒன்றுதான்: போன வாரம் எங்கே தப்பு செய்தாய்? வெறும் மோகமாக இருந்தால் ஜெயித்த கதை மட்டும் வரும். துப்பாக்கியில் இது இன்னும் சுலபமாகத் தெரிந்துவிடும். தோளில் அடிக்கும் அந்த உதையும், தட்டு தூளாகிப் புகையாகக் கலையும் காட்சியும் யாரையும் ஒருநாள் மயக்கும். விட்ட தட்டுக்கு வட்டம் போட்டு வைக்கிற பிள்ளை மயக்கத்தைத் தாண்டிவிட்டது.

அந்த இடது பக்கக் கதைக்காக ஒரு சின்னச் சோதனை செய்து பார்த்தேன். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களைச் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை விட்டு, இரண்டு கண்களும் திறந்தபடி அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னேன். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னேன். வலது கண்ணை மூடியபோது கடிகாரம் ஓட்டைக்குள்ளேயே இருந்தது. இடது கண்ணை மூடியதும் காணாமல் போனது. அதாவது அவள் வலக்கைக்காரி, ஆனால் அவளுக்கு முந்திக்கொள்ளும் கண் இடது. ஷாட்கன், அதாவது இந்தத் தட்டுகளைச் சுடும் துப்பாக்கி, இரண்டு கண்ணும் திறந்து சுடும் விளையாட்டு. குழலைப் பார்க்காமல் தட்டைத்தான் பார்க்க வேண்டும். அதில் இது பெரிய விஷயம். சிலர் இடது தோளுக்கு மாறிவிடுகிறார்கள், சிலர் கண்ணாடியில் சின்னதாக ஒட்டுப் போட்டுக்கொள்கிறார்கள். காரணம் கண்ணா, கிளப் துப்பாக்கியின் பின்பக்கக் கட்டை அவள் தோளுக்குப் பொருந்தவில்லையா என்பதைப் பயிற்சியாளர்தான் சொல்ல வேண்டும், நான் இல்லை. ஆனால் எந்தத் தோள் என்றே முடிவாகாத நிலையில் லட்சங்கள் போட்டு இத்தாலித் துப்பாக்கி வாங்குவது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். துப்பாக்கியின் விலையைக் கேட்டுத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அது ஒரு தடவைச் செலவு. ஆளைக் கரைப்பது தோட்டா. கிளப்பில் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள்: ஒரு தோட்டா என்ன விலை, ஒரு தட்டு என்ன விலை. பேச்சுக்குத் தோட்டா 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு நான்கு ரவுண்ட் சுட்டால் 100 தட்டு. ட்ராப் பயிற்சியில் முதல் குண்டு தவறினால் இரண்டாவது சுடலாம். ஆகவே ஆரம்பக்காரருக்கு 130 தோட்டாவாவது போகும். நாளுக்கு 6,500 ரூபாய். வாரம் இரண்டு நாள் என்றால் மாதம் 52,000. தட்டு விலை, பெட்ரோல், நுழைவுக் கட்டணம் தனி. தேசிய அளவுக்குப் போக நினைப்பவர்களுக்கு வாரம் இரண்டு நாள் போதாது.

ஹார்டுவேர் கடை வருமானத்தில் மாதம் எவ்வளவு வரை கொடுக்க முடியும் என்பதை முடிவு செய்து, அந்தத் தொகையை மகளிடமே நேரடியாகச் சொல்லிவிடுங்கள். 'பார்க்கலாம்' என்று இழுக்காதீர்கள். மாதம் இரண்டு ரவுண்டுதான் முடியும் என்றால் இரண்டு ரவுண்ட். தட்டைத் தொடர்ந்து குழலை நகர்த்தும் பயிற்சியைத் தோட்டா இல்லாமல் வீட்டுச் சுவரைப் பார்த்தே செய்யலாம். அதற்குத் துப்பாக்கிகூட வேண்டாம், ஒரு கம்பு போதும். கேலியாகச் சொல்லவில்லை. எப்படி என்று பயிற்சியாளர் சொல்லித் தருவார்.

துப்பாக்கி வாங்குவதற்குச் சட்டமும் ஒரு தடை. ஆயுதச் சட்டப்படி 21 வயது நிறையாதவர் பொதுவாகத் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. பயிற்சிக்காகக் கண்காணிப்பில் பயன்படுத்த மட்டும் விதிகள் இடம் தருகின்றன. உங்கள் பெயரில் வாங்கலாம் என்று மாமா சொல்லியிருப்பார். லைசென்ஸ் உங்கள் பெயரில் என்றால் அதன் பொறுப்பும் உங்கள் தலையில்தான். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு குடும்பம், 'அடுத்த வருடம் தேசிய அணி' என்ற ஒருவரின் பேச்சை நம்பிக் கடன் வாங்கித் துப்பாக்கிக்கு முன்பணம் கட்டியது. லைசென்ஸ் வந்து சேர்வதற்குள் பையன் காலேஜ் விடுதிக்குப் போய்விட்டான். 'அவசரப்படாதீர்கள், போகலாம்' என்று அவர்களிடம் சொல்லியனுப்பியதில் எனக்கும் பங்கு உண்டு. 'போகலாம்' என்பதைத்தான் அவர்கள் காதில் வாங்கினார்கள். அதனால்தான் இப்போதெல்லாம் எழுத்தில் தருகிறேன்.

அப்புறம் உங்கள் பெரிய கேள்வி: இதில் வேலை கிடைக்குமா?

கிடைக்கும், சிலருக்கு. ப்ரீத்தி ரஜக் என்று ஒரு பெண். மத்தியப் பிரதேசத்தின் இட்டார்சியைச் சேர்ந்த எளிய குடும்பம், போபாலில் உள்ள மாநில அகாடமியில் ட்ராப் பயிற்சி. 2022-ல் விளையாட்டுத் தகுதியில் ராணுவத்தில் ஹவில்தாராகச் சேர்ந்தார். 2023-ல் நடந்த ஹாங்சௌ ஆசியப் போட்டியில் அணிப் பிரிவில் வெள்ளி. 2024-ல் சுபேதாராகப் பதவி உயர்வு. ராணுவத்தில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். அதே அணியில் இருந்த மனிஷா கீர் போபால் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண். இருவருக்கும் அரசு அகாடமிதான் கைகொடுத்தது, அப்பாவின் மனை அல்ல. அம்மாவிடம் இந்த இரண்டு பெயரையும் சொல்லுங்கள். 1992 பார்சிலோனாவில் ஆணும் பெண்ணும் சேர்ந்து போட்டியிட்ட ஸ்கீட்டில் தங்கம் வாங்கியது சாங் ஷான் என்ற சீனப் பெண் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ரயில்வே, காவல்துறை, துணை ராணுவம், வருமான வரித்துறை என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும் இடங்கள் இருக்கின்றன. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. பொறியியல் கலந்தாய்விலும் தனி இடங்கள் உண்டு. ஆனால் எதிலும் 'சுடத் தெரியும்' என்பது கணக்கில் வராது. எந்த நிலைப் போட்டி, எத்தனையாவது இடம், சான்றிதழ் யார் கொடுத்தது என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு அறிவிப்பிலும் பட்டியல் இருக்கும், அதை வரி வரியாகப் படியுங்கள். கல்வித் தகுதியும் கேட்பார்கள். பிளஸ் டூவோடு நின்றவருக்கும் பட்டதாரிக்கும் ஒரே பதக்கம் ஒரே பதவியைத் தராது.

மேல்மட்டம் எவ்வளவு மெல்லியது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஹாங்சௌவில் ஆண்கள் ட்ராப் அணி தங்கம் வாங்கியபோது மூன்று பேரும் சேர்ந்து எடுத்தது 375-க்கு 361. ஆளுக்கு 125 தட்டில் ஏறக்குறைய ஐந்தைத்தான் விட்டிருக்கிறார்கள். அந்த மூவரில் ஒருவர் நம் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான். பாரிஸ் ஒலிம்பிக்கில் கலப்பு ஸ்கீட்டில் மகேஸ்வரி சௌஹானும் அனந்த்ஜீத் சிங் நரூகாவும் வெண்கலத்தைச் சீனாவிடம் 43-44 என்று விட்டார்கள். ஒரே ஒரு தட்டு.

இன்னொன்று யாரும் பெற்றோரிடம் சொல்வதில்லை. 2004 ஏதென்ஸில் ராஜ்யவர்தன் சிங் ரத்தோர் வெள்ளி வாங்கிய டபுள் ட்ராப் (ஒரே நேரத்தில் இரண்டு தட்டு பறக்கும்) போட்டியே இன்று ஒலிம்பிக்கில் இல்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கோடு எடுத்துவிட்டார்கள். பெண்கள் டபுள் ட்ராப் அதற்கும் முன்பே, 2004-க்குப் பிறகு போய்விட்டது. அமெரிக்காவின் கிம் ரோட் அதில் தங்கம் வாங்கியவர். ஸ்கீட்டுக்கு மாறி, 2016 வரை ஆறு ஒலிம்பிக்கில் தொடர்ந்து ஆறு பதக்கம் வாங்கினார். எல்லோராலும் அப்படி மாற முடியாது. விதிகளை எழுதுகிற கமிட்டி உங்கள் வீட்டு நிலைமையைக் கேட்டு எழுதுவதில்லை.

அதே சமயம் இந்த விளையாட்டில் ஒரு பெரிய சலுகை இருக்கிறது: வயது. ஜிம்னாஸ்டிக்ஸ் என்றால் 16 வயதில் நானே உங்களை அவசரப்படுத்தியிருப்பேன். ரத்தோர் வெள்ளி வாங்கும்போது 34. தொண்டைமான் முதல் ஒலிம்பிக்குக்குப் போனபோது 37. உங்கள் மகள் பிளஸ் டூ முடித்து, ஒரு பட்டம் முடித்து, 21-ல் தன் பெயரிலேயே லைசென்ஸுக்கு விண்ணப்பித்தாலும் தாமதம் இல்லை. நீட் எழுதுவதா வேண்டாமா என்பது தனிப் பேச்சு. அதைத் துப்பாக்கியோடு முடிச்சுப் போடாதீர்கள். உண்மையில் அவளுக்கு உயிரியல் பிடித்திருக்கிறது. பிசியோதெரபி, விளையாட்டு உளவியல் பற்றிக் கேட்டபோது கண்கள் விரிந்தன. சென்னை அருகே மேலக்கோட்டையூரில் உள்ள விளையாட்டுப் பல்கலைக்கழகத்தை ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

செலவு குறைவு என்று 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு அவளை மாற்றிவிடலாமா என்றும் கேட்டீர்கள். செலவு பல மடங்கு குறைவுதான். ஆனால் அது அசையாமல் நிற்கும் கலை, இது ஓடுவதைத் துரத்தும் கலை. கபடி ஆடுகிற பிள்ளையைச் செஸ்ஸில் உட்கார வைப்பது மாதிரி. ஒருமுறை முயன்று பார்க்கட்டும், பிடித்தால் சரி. கட்டாயப்படுத்தாதீர்கள்.

பிளஸ் டூ தேர்வு முடியும் வரை மாதம் எத்தனை ரவுண்ட் என்பது நீங்கள் சொல்லும் தொகையைப் பொறுத்தது. அதுவரை கிளப் துப்பாக்கி போதும். காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு மட்டும் சொந்தமாக, நல்லதாக வாங்கிக் கொடுங்கள்; அதில் சிக்கனம் வேண்டாம். ஒருநாள் நீங்களும் கூடப் போய் ஓரமாக நின்று பாருங்கள். அடுத்த இடத்துக்கு நடக்கும்போது அவள் துப்பாக்கியை மடித்துத் திறந்து, குழல் காலியாக இருப்பது எல்லோருக்கும் தெரியும்படி பிடித்திருக்கிறாளா என்று கவனியுங்கள். அவளுக்கு யாரும் சொல்லாமலே அது பழகியிருந்தால் அம்மாவின் பயத்தில் பாதி குறையும்.

தேர்வுக்குப் பிறகு மூவருமாக வாருங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. நோட்டை மறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த இடது பக்கம் மூன்றிலிருந்து எங்கே போயிருக்கிறது என்று எனக்கும் பார்க்க ஆசை.